பழைய வயர், புதுப் போன்

அவன் போனை இன்றைக்கும் அவள் தட்டுப் பக்கமாகத்தான் தள்ளி வைத்தான்.

போனிலிருந்து கிளம்பிய கறுப்பு வயர் தண்ணீர் ஜக்கைச் சுற்றிக்கொண்டு போய், அவன் தலையில் மாட்டியிருந்த பழைய ஹெட்போனில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. மேசையில் அவன், அவள், மகள். நாலாவது ஆளாக அந்தப் போன் மல்லாக்கப் படுத்திருந்தது.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நாள் முழுக்க ஆலை இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு வீட்டிலும் காதில் என்ன வேண்டிக் கிடக்கிறது? பாட்டு என்றான். பாட்டுக் கேட்கிறவன் தலை ஒரு தடவையாவது ஆட வேண்டாமா? இவன் தலை ஆடவே இல்லை. கண் மட்டும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறந்தநாளுக்கு மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த வயரில்லாத இயர்போன் டப்பாவுக்குள் தூங்குகிறது. கேட்டால், அதில் சத்தம் கொஞ்சம் பிந்தி வருகிறதாம். பாட்டு பிந்தி வந்தால் என்ன, ரயிலா பிடிக்கப் போகிறோம்?

அவனுடைய புதுப் போனில் ஹெட்போன் குத்துவதற்கு ஓட்டையே கிடையாது. சார்ஜ் போடும் இடத்தில் கன்வெர்ட்டர் என்று வால் மாதிரி ஒன்றைச் செருகி, அதற்குள் இந்த வயரைச் செருகியிருந்தான். அந்த வாலையும் அடிக்கடி மாற்றினான். வெள்ளை போய்ச் சாம்பல் வந்தது. சாம்பல் போய்க் கறுப்பு வந்தது. ஒரு பாட்டுக்கு எவனாவது இவ்வளவு பாடுபடுவானா?

அவளுடைய அண்ணன்தான் வயிற்றில் புளியைக் கரைத்தான். அண்ணனுடைய ஆபீஸில் ஒருத்தன், பெண்டாட்டி வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் மாசக்கணக்கில் போனில் பதிவு செய்து, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொட்டினானாம். இதில் பேசுகிறது கேட்கிறதா, பதிவாகிறதா என்று பார்க்கத்தான் ஹெட்போன் போட்டுக்கொள்வானாம்.

வாய்ச்சண்டை இந்த வீட்டுக்கும் புதிதில்லை. வாய் பெரும்பாலும் அவளுடையதுதான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதிலில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். எரிச்சலில் அவனுடைய அம்மா வரைக்கும் இழுத்திருக்கிறாள். எங்கேயாவது போய்த் தொலை என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

அதையெல்லாம் இவன் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தால்? மகள் யாரிடம் இருக்க வேண்டும் என்று நாளைக்கு யாரோ மூன்றாம் மனுஷன் முடிவு செய்தால்?

அவளுக்குப் பயமாக இருந்தது. ஒன்றைச் சொன்னால் இரண்டு தடவை "என்ன சொன்ன?" என்று அவன் கேட்டதெல்லாம் எதற்கு என்று இப்போது விளங்கிவிட்டது. தெளிவாகப் பதிய வேண்டாமா!

அதிலிருந்து அந்தப் போன் இருக்கிற இடத்தில் அவள் குரலை வெளியே விடுவதே இல்லை. அவனுக்கு வெறும் தலையாட்டல். மகளுக்கு உதட்டசைவு. தண்ணி எடு, தட்டைக் கழுவு, போய்ப் படி, எல்லாமே சத்தமில்லாமல்தான். மகளுக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, அம்மாவின் உதட்டைப் பார்த்தே வளர்ந்த பெண். பதிலை மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

"சரிம்மா, கழுவி வச்சிடறேன்!" என்று இப்போதும் கத்திவிட்டு, தட்டோடு சமையலறைக்குள் போனாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தான். போன் மேசையிலேயே கிடந்தது.

இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வாய்க்காது. அப்படி என்னதான் சேர்த்து வைத்திருக்கிறான், கேட்டுவிடுவது என்று ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டினாள்.

முதலில் ஒரே இரைச்சல். பிறகு ஃபிரிட்ஜ் உறுமியது. யாரோ புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்கள். வளையல்கள் உடைந்து சிதறுகிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் கையை அசைத்துப் பார்த்தாள். மறுபடியும் அதே வளையல்.

மூச்சும் அவளுடையதுதான். பழைய பேச்சு எதுவும் ஓடவில்லை. இந்த நிமிடம் இந்த மேசையில் எழுகிற சத்தத்தைத்தான் அந்தப் போன் பல மடங்காக்கிக் காதில் கொட்டிக்கொண்டிருந்தது.

எதற்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. குழப்பத்தில் "என்னங்க" என்று கூப்பிட்டாள். அவள் குரலே ஒலிபெருக்கி வைத்ததுபோல் மண்டைக்குள் அதிர்ந்தது.

அதே அறையின் மூலையில், குழாயை மூடிவிட்டுக் கைக்குச் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பவில்லை.

இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். தன் சத்தம் தாங்காமல் அவளே கண்ணை மூடிக்கொண்டாள். அவன் நிதானமாக விரலிடுக்கில் சோப்பு நுரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எத்தனை நாள் அந்த முதுகைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்.

துண்டில் கையைத் துடைத்தபடி திரும்பியவன், அவள் தலையில் ஹெட்போனைப் பார்த்ததும் திருதிருவென முழித்தான். மறைத்து வைத்த விஷயம் வெளியே வந்துவிட்ட முழி. கோபப்படுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவன் வேகமாகக் கிட்டே வந்து, போனுக்குப் பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"உனக்காவது சரியாக் கேக்குதா? தட்டு சத்தம்கூட எனக்குக் கேக்குது. பாப்பா பேசுறதும் நல்லாக் கேக்குது. நீ பேசும்போது மட்டும் வாய் அசையுது, குரல் வரவே மாட்டேங்குது. எங்க கோளாறுன்னே தெரியல."