சாய்மானம் வைத்த பேட்டரி வண்டி

"அந்தச் சாய்மானம் யாருக்கு? அதை மட்டும் சொல்லு."

ஆரோக்கியமேரி நடுத்தெருவில் நின்று இப்படிக் கேட்டபோது எட்வினின் கையில் ஸ்பேனரும் வாயில் இரண்டு போல்ட்டும் இருந்தன. போல்ட்டைத் துப்பினால்தான் பதில் சொல்ல முடியும். அதற்குள் அவள் இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டாள்.

தமிழோடு உருதுவும் கலந்து பேசும் லோத்குண்டாவின் அந்தச் சந்தில் எட்டு வீடு. எட்டிலும் டிவியின் சத்தம் குறைந்தது.

எட்வினுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் கழியட்டும் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். எதிரெதிர் வீடு. அத்தனை நாளும் அவளுக்கு வேலை கொடுக்க ஒரு ஜன்னல் வேறு.

ஜன்னலில் தெரிந்ததெல்லாம் வண்டிதான். அந்த வருஷம் பெட்ரோல் விலைக்குப் பயந்து எட்வின் வாங்கிய பேட்டரி வண்டி. பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று, ரயில்வே பட்டறையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினம் ஒன்றை மாற்றினான். முதலில் பின்பக்க ஷாக் அப்சார்பர். அப்புறம் இரண்டு மடங்கு கனத்தில் நுரை வைத்த சீட், மேலே தையல் தெரியாத கறுப்பு ரெக்ஸின். வயர்களையெல்லாம் ஒரே குழாய்க்குள் நுழைத்து அடித்தட்டுக்குக் கீழே மறைத்தான். கம்பெனியிலிருந்து அப்படியே வந்தது போல இருக்கிறது என்று சந்தே மெச்சியது.

ஒருத்தி மட்டும் மெச்சவில்லை.

காரணம் எட்வின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தது. பேர் ஸ்டெல்லா. நாகர்கோவில்காரி, மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. அவள் ஜீன்ஸைக் கொடியில் காயப்போட்டால் கால் தரையைத் தொட இரண்டு விரல்தான் மிச்சமிருக்கும். பக்கத்தில் நின்றால் ஆரோக்கியமேரி அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். அதனால் நிற்பதில்லை.

கம்பெனி கேப் வராத நாளில் எட்வின் அவளை மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். சந்தில் கேட்டால் இரண்டு தடவை என்பார்கள். ஆரோக்கியமேரியைக் கேட்டால் ஐந்து என்பாள், கிழமையும் சொல்வாள்.

அன்று மாலை வேலையிலிருந்து திரும்பிய ஸ்டெல்லா, புதிதாக வைத்த சாய்மானத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள்.

"கொள்ளாம் அண்ணே, நல்லாருக்கு. இனி நடு வலிக்காது."

சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். அவர்கள் ஊரில் நடு என்றால் இடுப்பு என்பது ஆரோக்கியமேரிக்குத் தெரியும். இத்தனை நாள் யார் இடுப்பு வலித்தது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி வந்திருந்தாள்.

"கைக்கு, எதுக்கு இப்படிக் கத்துற மேரி," என்றான் எட்வின், ஒருவழியாக வாய் காலியானதும். "உனக்குத்தான். கல்யாணத்தன்னைக்கு கோயில்லேர்ந்து உன்னை இதுலதான் கூட்டிட்டு வரப்போறேன்."

"நக்கோ. உன் மெத்தையும் வேணாம், நீயும் வேணாம்."

மோதிரத்தைக் கழற்றிப் புதுச் சீட்டின் மேல் வைத்தாள்.

இன்னும் ஒரு வார்த்தை விழுந்தால் அந்தக் கல்யாணம் அங்கேயே முடிந்திருக்கும்.

பக்கத்து மாடியிலிருந்து வசந்தகுமாரிதான் காப்பாற்றினாள். "கட்டிக்கப்போறவன் உனக்கு மெத்தை தைக்கிறான், நீ மோதிரத்தைக் கழட்டுறியா? எங்க வீட்டுல இருக்கற ஆளு இருபது வருஷமா என்னை பெட்ரோல் டேங்க் மேல உக்காத்தி வைக்காதது ஒண்ணுதான் பாக்கி."

எட்டு வீடும் சிரித்தது. எட்வினும் சிரித்தான். மோதிரத்தைச் சட்டையில் துடைத்து நீட்டினான்.

வாங்கிப் போட்டுக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரே மாலையில் சந்தேகப் பிராணி என்று பேர் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று எட்வினின் அம்மா மாடியைக் காலி செய்யச் சொன்னபோது, ஸ்டெல்லா முகம் கோணாமல் மாதாப்பூர் ஹாஸ்டலுக்குப் போனாள். பாவம் அந்தப் பெண் என்று சந்தே உச்சுக்கொட்டியது.

ஆரோக்கியமேரிக்கே வெட்கமாகத்தான் இருந்தது. சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம். சொன்னபடியே வண்டி கோயில் வாசலில் நின்றது, மல்லிகைச் சரத்தோடு. முக்காட்டை மடியில் சுருட்டிக்கொண்டு, வெள்ளைப் பட்டுப் புடவையில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். சீட் பஞ்சு மாதிரி இறங்கிக் கொடுத்தது. சாய்மானம் முதுகை வாகாகத் தாங்கியது.

கால் வைக்கக் கீழே ஒரு தகடு பொருத்தியிருந்தான். பாதத்தை இறக்கினாள். எட்டவில்லை.

இன்னும் இறக்கினாள். செருப்பின் நுனிக்கும் தகட்டுக்கும் நாலு விரல் இடைவெளி.

பட்டறைக்காரன் குத்துமதிப்பாக எதையும் முடுக்க மாட்டான். யாரையோ ஏறி உட்காரவைத்து, கால் வரும் இடத்தில் கோடு போட்டுத்தான் துளைத்திருப்பான். அவளை அவன் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

சந்து முனை வரை கால்கள் காற்றில் தொங்கின. வசந்தகுமாரி வாசலுக்கே வந்து நின்றாள்.

"இப்ப சொகமா இருக்காடி?"

"ஹவ் அக்கா," என்றாள் ஆரோக்கியமேரி. "ரொம்ப சொகம்."

அடுத்த வருஷம் ஸ்டெல்லா மாற்றலாகிப் புனேவுக்குப் போய், அங்கேயே ஒரு மராத்திக்காரனைக் கட்டிக்கொண்டாள். பத்திரிகை எட்வினின் பேருக்குத்தான் வந்தது.