விதைக்கு ஒரு பாத்திரம்

போடிமெட்டுச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்கிறார்கள். மலைமுகட்டில் வெயில் பட்டுவிட்டது. இவர்கள் காலடியில் இன்னும் பனி ஈரம். பூச்சிமருந்து படாத காய்கறியை அவரவர் கொல்லையிலேயே விளைவிப்பதென்று இவர்கள் சங்கம் தொடங்கும் நாள் இன்று. மடியில் முடிந்து வந்த பாகல், அவரை, சுரை விதைகள் உள்ளங்கைகளுக்கு வந்துவிட்டன. சேர்த்து வைக்க ஜக்கம்மாள் ஒரு வெள்ளை டப்பாவை நீட்டுகிறாள். சந்திரவல்லி அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்புகிறாள். "மதினி, இது தோட்டத்து மருந்து டப்பால்ல?" "புளி போட்டு நாலு தடவ கழுவுனேன் ஆத்தா." மற்றவர்களின் விரல்களும் விதைகளின்மேல் மெல்ல மூடிக்கொள்கின்றன. வளைவில் ஜீப்பின் ஹார்ன் கேட்கிறது. ஜக்கம்மாள் டப்பாவைக் கீழே வைக்கிறாள். தன் தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றை மற்ற நால்வரின் சட்டிகளிலும் அள்ளி வைக்கிறாள். முந்தானையால் உட்புறத்தை அழுத்தித் துடைக்கிறாள். சூடு ஆறாத அந்த எவர்சில்வரில் விதைகள் சடசடவென்று விழுகின்றன. "மத்தியானம் என்னத்தச் சாப்புடுவீக?" என்கிறாள் சந்திரவல்லி. ஜக்கம்மாள் மூடியை இறுக்குகிறாள். "ஏன், நீங்க நாலு பேரும் எங்க போறீக?"