பதினோராவது உறுப்பினர்

“போனைக் கொடுங்க.”

“எதுக்கு?” என்று கேட்டபடியே கணவன் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

“எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். சல்லடை யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்.”

“சல்லடையா? சமையல்கட்டுல இருக்கும், தேடிப் பாரு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். கன்னம் வீங்கிப்போய் வந்து, ‘வலியெல்லாம் இல்லீங்க’ என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறாள். மழுப்புகிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு இணையத்தில் ஒரு கவிதைக் குழு தொடங்கினாள். ஐந்து நாள் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆறாம் நாள் ‘பனித்துளி’ என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பிறகு மாடிப்படி, கடைசி பெஞ்ச், ஒற்றைச் செருப்பு என்று மளமளவெனப் பத்துப் பேர். எல்லாம் புனைபெயர்தான். கவிஞர்கள் என்றால் அப்படித்தானே இருப்பார்கள்!

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். யார் கவிதை போட்டாலும், மற்ற எல்லோரும் அன்றைக்கே ஒரு வரியாவது கருத்து எழுதிவிட வேண்டும். அவள் கவிதைக்குப் பத்துப் பேரும் ஒரு நாள் தவறாமல் பாராட்டி எழுதினார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினோராவதாக வந்தது சல்லடை. மற்றவர்கள் கவிதையை எல்லாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும். அவள் கவிதையை மட்டும் துவைத்துக் காயப்போட்டுவிடும்.

“போன வாரம் கடலைப் பத்தி எழுதினேன். சல்லடை என்ன சொல்லியிருக்கு தெரியுமா? ‘கடலைப் பார்க்காதவர் எழுதிய கடல். உப்பே இல்லை.’ நான் கடலைப் பார்த்ததில்லைன்னு யார் யாருக்குத் தெரியும்? எங்கம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எங்கம்மாவுக்குப் போன்ல ஹலோ சொல்றதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது.”

“அது படிச்சாலே தெரியுமே...” என்றவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

“அப்போ படிச்சிருக்கீங்க!”

அவன் தலையணையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“கவிதைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்னு சொன்ன மனுஷன், திருட்டுத்தனமா படிச்சிருக்கீங்க! நேத்து உங்க லிஃப்ட் கம்பெனி மேஸ்திரி எங்க ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்க வந்தாரு. ‘லிஃப்ட் மோட்டார் ரூம்ல உக்காந்துக்கிட்டு, சாப்பாட்டு நேரம் பூரா போனையே தட்டிக்கிட்டு இருக்காரும்மா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?’ன்னு என்கிட்டயே கேக்கறாரு.”

“அது வேலை விஷயம்.”

“லிஃப்ட்டுக்கு லெட்டர் போடறீங்களாக்கும்?”

போன மாதம் மாடிப்படி எழுதிய கவிதையை இவனிடம் வாசித்துக் காட்டியது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

‘பூட்டினேனா என்று
பாதி வழியில் திரும்புகிறேன்.
வீடு என்னை நினைத்திருக்கும்.’

“பாருங்க, எப்படி எழுதறாங்கன்னு! உங்களுக்கு எங்கே புரியப் போகுது?” என்றாள் அன்றைக்கு. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கு” என்றான். காதுமடல் சிவந்திருந்தது. புரியாத வெட்கம் என்று அவள் பரிதாபப்பட்டாள். பரிதாபப்பட்டது எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது எரிச்சலாக வந்தது.

ஒரே எட்டில் பாய்ந்து தலையணையைத் தூக்கினாள். போன் திரையில் அவளுடைய குழு திறந்திருந்தது. அதற்கு மேல் பார்ப்பதற்குள் அவன் பிடுங்கிக்கொண்டான்.

சந்தேகம் பொய்யாகப் போய்விடக் கூடாதா என்றுதான் உள்ளுக்குள் இவ்வளவு நேரமும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

“கட்டின பொண்டாட்டிகிட்ட நேரா சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? முகமூடி போட்டுக்கிட்டு வந்து குத்தணுமா?”

“நான் சல்லடை இல்லம்மா. சத்தியமா இல்லை.”

“நாளைக்கு எங்க குழுவோட முதல் கூட்டம். நூலகத்துல அறை எடுத்து, பன்னெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். என் வாழ்க்கையில முதல் தடவையா நாலு பேர் முன்னாடி நின்னு கவிதை படிக்கப் போறேன். பத்துப் பேரும் ‘வர முயல்கிறேன்’னு அடக்கமா எழுதியிருக்காங்க. சல்லடை மட்டும், ‘கட்டாயம் வருவேன்’னு எழுதியிருக்கு. எதுக்கு? என்னை அசிங்கப்படுத்தவா?”

“வரட்டுமே. வந்தா நல்லதுதானே?”

“பார்த்தீங்களா, பரிஞ்சு பேசறதை!”

அவள் தன் போனை எடுத்தாள். உறுப்பினர் பட்டியலைத் திறந்து, சல்லடையின் பெயருக்கு நேரே இருந்த ‘நீக்கு’ பொத்தானுக்கு மேலே விரலை நிறுத்தினாள்.

“கடைசியா கேக்கறேன். சல்லடை இல்லேன்னா, அந்தக் குழுவுல யார் நீங்க?”

அவளுடைய விரல் இறங்கியது. அவன் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“அவரை மட்டும் தூக்கிடாதேம்மா” என்றான், தலையைக் குனிந்தபடி. “மத்தப் பத்துப் பேரும் நான்தான்... நாளைக்கு உன் கவிதையைக் கேட்க நிஜமா வரப்போறது அவர் ஒருத்தர்தான்.”