மெல்லமா ஓடினவன்

“அக்கா, என்ர பிள்ளைக்காக ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்கோ.”

“கண்டதைத்தான் சொல்லுவன்.” ஜோசப்பின் நிமிர்ந்தும் பாராமல் வடைமாவைப் பிசைந்தார்.

சந்திரவதனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன கல்நெஞ்சுக்காரி!

கனடாவில், யூனியன்வில்லில் ஜோசப்பினின் சாப்பாட்டுக்கடைக்கு முன்னால்தான், பார்க்கிங்கில், சந்திரவதனாவின் மகன் மிதுனனின் காரும் ஒரு வானும் முட்டுப்பட்டன. கண்ட சாட்சி ஜோசப்பின் மட்டும்தான்.

மிதுனனுக்குப் பத்தொன்பது வயது. “உந்த வயசுப் பெடியள் இப்பிடித்தான்” என்று வான்காரர் சொன்னதை இன்சூரன்ஸ் கொம்பனி வேதவாக்காக எடுத்துக்கொண்டது. பிழை அவன் தலையில் விழுந்தால் இனி இன்சூரன்ஸ் கட்டி மாளாது. கார் இல்லாவிட்டால் தூரத்துப் பிறம்ரன் நகரத்து வேலையும் போய்விடும்.

கொம்பனியிலிருந்து போன் வந்தது. ஜோசப்பின் ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, தமிழ்ப்படுத்த ஒரு சென்னைக்காரர் இருந்தார்.

“பையன் என்ன பண்ணினான்னு சொல்லுங்கம்மா.”

“பெடியன் மெல்லமாத்தான் ஓடினவன்.”

பையன் மெதுவாக நழுவி ஓடிவிட்டான் என்று சென்னைக்காரர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

“அன்ரி!” பக்கத்தில் நின்ற மிதுனன் அலறினான். “நான் ஓடித் தப்பிட்டன் எண்டு சொல்லுறார்!”

ஜோசப்பின் போன் மேல் பாய்ந்தார். “ஐயோ தம்பி, காலாலை ஓடேல்லை, கார் ஓடினவன்! டிரைவ், டிரைவ்! பெடியன் மெல்லமா வர, வான்தான் றிவேர்ஸிலை வந்து இடிச்சது.”

“நிச்சயமாம்மா? ஓட்டினது சின்னப் பையன்னு...”

“சின்னப் பெடியனெண்டால் கண் தெரியாதோ? மற்றவர்தான் அறுபது வயசிலை, கண்ணாடியையும் வீட்டை வைச்சிட்டு வந்து வான் ஓடினவர்!”

சந்திரவதனா மாவென்றும் பாராமல் ஜோசப்பினின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“உங்களைப் பிழையா நினைச்சிட்டன் அக்கா. சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

மிதுனன் ‘தாங்க்ஸ் அன்ரி’ என்றான். அழுதே விட்டான்.

அதிகாரியிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சென்னைக்காரர் கேட்டார்.

“அவர் கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“எனக்குத் தெரியாமல் இருக்குமோ? அவர் நான் கட்டின மனுசனெல்லோ!”