குட்டைக் கரையில் சேலைகள்

காட்டுக்குள் திருட்டுத்தனமாக நடந்த அந்த யுரேனியம் ஆலையைச் செயற்கைக்கோள் படத்தில் முதலில் கண்டுபிடித்தவள், அரசு அலுவலகத்தில் அந்தப் படங்களை ஆராயும் குணவதிதான். வட்ட வட்டமான தொட்டிகளும் வெளிறிய கழிவுநீர்க் குட்டையும் ஆலையைக் காட்டிக்கொடுத்தன. குட்டைக் கரையில் சிவப்பும் மஞ்சளுமாகச் சில கீற்றுகள் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள். தரையில் விரித்துக் காயப்போட்ட சேலைகள்.

"ஆலையத்தானேம்மா கேட்டாங்க? ஊரையும் சேர்த்தா இன்னும் ஆறு மாசம் இழுத்துடும்," என்றார் மேலதிகாரி.

அறிக்கையில் 'குடியிருப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆலையை மூடினார்கள். அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இரண்டு வருடம் கழித்து, அந்தக் கரையிலிருந்து செல்லக்கிளி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். நல்ல தண்ணீர் கேட்டு அவள் போன இடத்திலெல்லாம் குணவதியின் அறிக்கையைக் காட்டி, அங்கே ஊரே இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் குரலில் கோபமே இல்லை.

"மேலருந்து பாக்கையில நாங்க தெரியலையா தாயி?"

குணவதி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு... மேகம் மறைச்சிடுச்சும்மா."

செல்லக்கிளி அதை நம்பத்தான் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, தான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எங்க பக்கம் மூணு வருசமா மேகமே வரலியே தாயி."