தேவைக்கு மேல் இலைகள்

நவம்பர் மழை விட்டும் வெளிச்சம் திரும்பாத மதியம். நைனார்பாளையத்துப் பட்டறையில் இருசப்பன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கை மெஷினைப் பேனாவைப் போலப் பிடித்து வாகைப் பலகையைக் குடைகிறார். சுற்றியுள்ள மரம் தூளாகப் பறக்க, மகளின் பெயர் புடைத்து நிற்கிறது: கோகிலவாணி. அதன் கீழே, ‘பி.எஸ்சி. விவசாயம்’ என்று பென்சிலில். புது இட ஒதுக்கீட்டின்படி வந்த தற்காலிகக் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. படிப்பு தொடங்கவில்லை, அதற்குள் பட்டம் வாசலுக்குத் தயாராகிறது. மெஷின் வழுக்கினால் அந்த இடத்தை இலையாக்கிவிடுவது இருசப்பனின் வழக்கம். ஊர்க் கதவுகளில் தேவைக்கு மேல் இலைகள் இருப்பது அதனால்தான்.

கோகிலவாணி செல்போனோடு சுவிட்சருகே நிற்கிறாள். கோர்ட்டுத் தீர்ப்பு வந்து அரை மணி நேரமாகிறது. மெஷின் இரைச்சலில் அப்பாவுக்கு மட்டும் எட்டவில்லை. அதற்குள் ‘பி’ புடைத்து எழுந்துவிட்டது. அவள் சுவிட்சை அணைக்கிறாள்.

“இன்னாம்மா, கரண்டு போச்சா?” பஞ்சை எடுக்கிறார்.

“இல்லப்பா. அந்த இட ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லாதுன்னுட்டாங்க. மறுபடி லிஸ்டு போடுவாங்களாம். அதுல நான் வரமாட்டேன். பேரோட நிறுத்திக்கப்பா.”

“நெசமாவா?”

“டீக்கடை டிவி கத்திக்கினு இருக்குது.”

அவர் பலகையின் தூளை ஊதுகிறார், தேவைக்கு மேல் நீளமாக. பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்க்கிறார். அது அழியாமல் கறையாக இழுபடுகிறது.

“சுவிட்சப் போடும்மா.”

மெஷின் மறுபடி இரைகிறது. ‘பி’யின் மூலைகள் ஒவ்வொன்றாக மழுங்கி, நடுவில் மெல்லிய நரம்பு ஒன்று விழுகிறது.