பின்கதவில் நீலக் கோடு

ருக்குன் தெத்தாங்கா என்ற தெருக் காவல் குழுவின் ரோந்துப் பட்டியலில் முப்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. தங்கமணியின் பெயர் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தத் தெருவைக் காப்பது ஆண்பிள்ளைகளின் பொறுப்பு என்று தலைவர் சோமசுந்தரம் முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தங்கமணியை வரவழைத்தது விசாரணைக்கு.

"அஞ்சு வீட்டுப் பின்கதவுல நீலக் கோடு. போன மாசம் ரெண்டு வீட்ல பட்டப்பகல்ல திருட்டு. கோடு யாருக்கு அடையாளம்?" என்றார் சோமசுந்தரம்.

மேசைமேல், அவள் துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக் கட்டி கிடந்தது. அவள் கோடு இழுத்ததைத் தம்புசாமி கண்ணால் பார்த்திருந்தார். அவர் வீட்டுப் பின்னறையில்தான் அவள் வாடகைக்கு இருந்தாள்.

"நான்தான் போட்டேன். திருடனுக்கு இல்ல," என்றாள் தங்கமணி. "கோடு போட்ட வீட்ல ஏதாவது திருட்டுப் போச்சா?"

"இனிமே போகும்னு அர்த்தம்!" என்றார் தம்புசாமி. "ரவிக்கைக்கு அளவெடுக்கிறேன்னு எல்லா வீட்டுக்குள்ளயும் போறா. ஆளை அளக்கிறாளா, வீட்டை அளக்கிறாளா, யாருக்குத் தெரியும் லா?"

கூட்டம் சிரித்தது.

சோமசுந்தரம் சிரிக்கவில்லை. ஐந்து கதவுகளில் ஒன்று அவருடையது. அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. இரண்டு மாதமாக, அவர் தன் மனைவி இந்திராவோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, எவளாவது கோப்பையோடு பின்கதவைத் தட்டுகிறாள். சீனி வேண்டுமாம். ஒரு நாள் கோமதி, மறுநாள் காமாட்சி. சீனி கிடைத்த பிறகும் நகர்வதில்லை. உள்ளே எட்டிப் பார்த்தபடி கால்மணி நேரம் நிற்கிறார்கள். இது வேவு இல்லாமல் வேறென்ன?

"சீனி கேக்க வர்றவளுங்களும் உன் கூட்டாளிங்கதானே?"

தங்கமணி அவரையே பார்த்தாள்.

"உண்மையைச் சொன்னா அறையில இரு. இல்லன்னா மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

"நான் சொன்னா, அதுக்கு வேற யாராவது வாங்கிக் கட்டிக்கணும், தலைவரே."

"மிரட்டுறியா?"

"காலி பண்றேன்னு சொல்றேன்," என்று சாக் கட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள்.

சோமசுந்தரம் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கோட்டைத் தன் கையாலேயே துடைத்தார். ஒரு குடும்பத் தலைவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிறைவு அவருக்கு.

மாதக் கடைசியில் தையல் இயந்திரத்தோடு லோரி ஏறித் தங்கமணி போனாள். மறுநாள் காலை, அவர் பின்கதவில் புதிதாக ஒரு நீலக் கோடு.

"அவதான் போயிட்டாளே! இது யார் வேலை?" என்று உள்ளே பாய்ந்தார்.

அந்த வெக்கையிலும் முழுக்கை ரவிக்கையோடு அடுப்பருகே நின்ற இந்திரா திரும்பினாள். அவள் விரல்நுனிகள் நீலமாயிருந்தன.

"நான்தான். கட்டியைத் தங்கமணி என்கிட்ட குடுத்துட்டுப் போனா."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அளவெடுக்கிறப்ப என் கையையும் முதுகையும் பார்த்தவ அவ ஒருத்திதான். எந்த வீட்ல சத்தம் கேட்டா சீனி கேட்டு ஓடணும்னு மத்தவங்களுக்குத் தெரியத்தான் அந்தக் கோடு."

சோமசுந்தரம் வழக்கம்போல் கையை ஓங்கினார்.

பின்கதவு தட்டப்பட்டது. கோமதி நின்றாள், அவளுக்குப் பின்னால் காமாட்சி, இன்னும் நான்கு பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கோப்பை.

"சீனி இருக்கா, அண்ணே?"

தங்கமணி நகரின் தெற்கே உள்ள சாலாக் செலாத்தானில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை பிடித்து, அங்கேயே தைத்துப் பிழைத்தாள். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அவளை எந்தத் தலைவரும் திரும்பக் கூப்பிடவில்லை.